நமது பெயர்ப்பலகையில் பிறர் எழுதும் காலம்

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் புடவைக் கடை வைத்திருப்பவர்களுக்கு டிசெம்பர் மாதம் என்றால் மூச்சு விடவும் நேரம் இருக்காது. நத்தார், புதுவருடம், தைப்பொங்கல் என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். அப்படியொரு டிசெம்பர் இரவில், இஷாவுக்குப் பின் கடையை மூடிவிட்டுக் கணக்குப் பார்த்துக் கொண்டிருந்த போது என் மகன் தன் கைத்தொலைபேசியை என் முன்னால் நீட்டினான்.

"வாப்பா, நம்மட கடையைப் பத்தி யாரோ எழுதியிருக்காங்க, பாருங்க."

கூகிள் வரைபடத்தில் எங்கள் கடையின் பெயரைத் தட்டினால் வரும் பக்கம் அது. ஐந்து நட்சத்திரத்தில் ஒரேயொரு நட்சத்திரம். அதன் கீழே ஆங்கிலத்தில் நாலு வரி. ஐந்து மீற்றர் திரைச்சீலைத் துணிக்குக் காசு வாங்கிக் கொண்டு இரண்டு அங்குலம் குறைத்து வெட்டித் தந்தார்கள், இங்கே வாங்குபவர்கள் வீட்டுக்குப் போய் அளந்து பாருங்கள் என்பதுதான் அதன் சாரம்.

எனக்கு இரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. என் வாப்பா கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் துணி மூட்டையைத் தோளில் சுமந்து வீடு வீடாக விற்றுத் தொடங்கிய வியாபாரம் இது. அளவில் குறை வைத்தான் என்று எங்களை ஒருவரும் சொன்னதில்லை. "இதை உடனே அழி" என்றேன்.

"நம்மால அழிக்க ஏலாது வாப்பா. அது எழுதினவங்கட கையில. இல்லாட்டி கூகிள்ட கையில" என்றான் மகன்.

என் கடை, என் பெயர், என் முகவரி. ஆனால் அங்கே எழுதப்பட்டதை அழிக்க எனக்கு அதிகாரம் இல்லை. நமது வியாபாரிகளில் பலர் இன்னும் சரியாக விளங்கிக் கொள்ளாத விடயம் இது. அதனால்தான் இந்த வாரம் இதைப் பற்றி எழுதுகிறேன்.

கண்ணாடி போட்டவருக்குத் தெரியும் எழுத்து

பிறருடைய இணையப் பக்கத்தில் குறிப்பு எழுதும் வசதி புதிதல்ல. 1999 இல் 'தேர்ட் வொய்ஸ்' என்றொரு மென்பொருள் வந்தது. அதைக் கணினியில் போட்டுக் கொண்டவர் எந்தக் கம்பனியின் இணையப் பக்கத்திலும் தன் கருத்தை ஒட்டிவிட்டுப் போகலாம். அதே மென்பொருளை வைத்திருக்கும் மற்றவர்கள் அந்தப் பக்கத்தைத் திறக்கும் போது அந்தக் குறிப்பும் சேர்ந்து தெரியும். எங்கள் சுவரில் கண்டவரும் கிறுக்குவதா என்று இணையத்தள உரிமையாளர்கள் பெரிய எதிர்ப்புக் காட்டினார்கள். 2001 இல் அது மூடப்பட்டது.

பிறகு 2009 செப்டெம்பரில் கூகிள் நிறுவனமே 'சைட்விக்கி' என்ற பெயரில் அதே போன்ற ஒன்றைக் கொண்டு வந்தது. இணையப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பட்டி திறக்கும். அதில் யாரும் எழுதலாம். பக்கத்தின் சொந்தக்காரர் தன்னை உறுதிப்படுத்திக் கொண்டால் முதலாவது குறிப்பைத் தானே எழுதி மேலே வைக்கலாம். மற்றவர் எழுதியதைத் துடைக்க அவருக்கும் உரிமை இல்லை. அதுவும் நெடுநாள் ஓடவில்லை. 2011 டிசெம்பரில் கூகிள் அதை நிறுத்திவிட்டது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கடைக்காரன் பாஷையில் சொல்கிறேன். உங்கள் பெயர்ப்பலகையை யாரும் தொடவில்லை. பலகைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு கண்ணாடித் தாளை வைத்து அதில் எழுதுகிறார்கள். எழுதப்பட்டது உங்கள் இணையத்தளத்தில் இல்லை. வேறோர் இடத்திலுள்ள கணினியில், உங்கள் பக்கத்தின் முகவரியோடு முடிச்சுப் போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கென்று மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்கு மட்டும் அது தெரியும். உங்களிடம் அந்தக் கண்ணாடி இல்லாவிட்டால் ஊரே உங்களைப் பற்றி வாசித்துச் சிரித்தாலும் உங்களுக்குத் தெரியாது. இதிலுள்ள முதலாவது ஆபத்து அதுதான்.

இந்த வசதியால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2011 இல் தொடங்கிய 'ஹைப்பொதெசிஸ்' என்ற இலாப நோக்கற்ற முயற்சியைப் பல்கலைக்கழகங்களில் பாடக் கட்டுரைகளைச் சேர்ந்து வாசிக்கப் பயன்படுத்துகிறார்கள். இணையத்துக்கு நியமங்கள் வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017 பெப்ரவரியில் இவ்வகைக் குறிப்புகளுக்கு ஒரு பொது நியமத்தை வெளியிட்டது. மறுபக்கம், 2019 இல் 'கெப்' என்ற நிறுவனம் 'டிசென்டர்' என்று ஒன்றைக் கொண்டு வந்தது. பத்திரிகைகளும் கம்பனிகளும் தமது பக்கங்களில் கருத்துப் பகுதியை மூடி வைத்தாலும் அதன் மேலே எழுத அது வழி செய்தது. சில வாரங்களுக்குள் கூகிளும் மொசில்லாவும் தமது களஞ்சியங்களிலிருந்து அதை நீக்கிவிட்டன.

இன்று இதன் பெரிய வடிவம் எக்ஸ் தளத்தில் இருக்கிறது. 2021 இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய 'சமூகக் குறிப்பு' முறை அது. ஒரு பதிவின் கீழே பொதுமக்கள் விளக்கம் சேர்க்கலாம். கம்பனிகள் காசு கொடுத்துப் போடும் விளம்பரங்களின் கீழேயும் இது உண்மையல்ல என்ற குறிப்பு வந்து நின்றதுண்டு. ஆனால் அதில் ஒரு நல்ல ஏற்பாடும் இருக்கிறது. வழக்கமாக ஒருவரோடொருவர் கருத்து ஒத்துப் போகாதவர்களும் சேர்ந்து பயனுள்ளது என்று சொன்னால்தான் அந்தக் குறிப்பு எல்லோருக்கும் காட்டப்படும். 2025 இல் மெட்டா நிறுவனமும் அமெரிக்காவில் இதே வழிக்கு மாறியது.

நம்மைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கு இவையெல்லாம் தூரத்து விடயங்கள். நம் வாசலுக்கு வந்திருப்பது கூகிள் வரைபடமும் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும்தான். கருவி வேறு, காரியம் ஒன்று. உங்கள் பெயருக்குப் பக்கத்தில் உங்களைக் கேட்காமல் இன்னொருவர் எழுதுகிறார். வாங்க வருபவர் உங்கள் பலகையை வாசிக்கு முன் அதை வாசித்துவிடுகிறார்.

நமது நாட்டில் நடந்தது

இந்த விடயத்தில் இலங்கை முஸ்லிம் வியாபாரி வேறு யாரையும் விட அதிகமாக அடிபட்டவன். 2013 பெப்ரவரியில் மஹரகமவில் பொதுபல சேனா நடத்திய கூட்டத்திலிருந்து ஹலால் இலச்சினைக்கு எதிரான பிரசாரம் சூடு பிடித்தது. மார்ச் 11 ஆம் திகதி, உள்ளூர்ச் சந்தைப் பொருட்களில் அந்த இலச்சினை கட்டாயமில்லை என்று ஜம்இய்யத்துல் உலமா சபை அறிவிக்க நேர்ந்தது. அதே மாதம் 28 ஆம் திகதி இரவு பெப்பிலியானவில் 'ஃபெஷன் பக்' நிறுவனத்தின் களஞ்சியம் தாக்கப்பட்டது. ஒரு சிறு இலச்சினையின் மேல் பிறர் எழுதிய அர்த்தம், அது எந்த நோக்கத்துக்காக வந்ததோ அந்த நோக்கத்தையே மூடி மறைத்துவிட்டது.

அதை விடக் கொடியது 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் நடந்தது. ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பிட வந்த ஒருவர் கறியில் ஏதோ கட்டியாக இருப்பதைக் கண்டு, இது கருத்தடை மாத்திரை என்று கூச்சலிட்டார். கூட்டம் கூடியது. சிங்களம் நன்கு தெரியாத காசாளர், சூழ்ந்து நின்று மிரட்டியவர்களிடம் பயத்தில் ஏதோ ஒப்புக்கொண்டது போலப் பேசியதை வீடியோ எடுத்தார்கள். அது பேஸ்புக்கில் பறந்தது. அன்றிரவே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை மார்ச்சில் வந்தது. அது மாத்திரை அல்ல, மாவுப் பொருள் கட்டி. உணவில் கலந்து கொடுத்து ஆளை மலடாக்கும் மாத்திரை உலகத்திலேயே கிடையாது என்று வைத்திய நிபுணர்களும் சொன்னார்கள். ஆனால் அதற்கிடையில் திகனையும் தெல்தெனியாவும் எரிந்து முடிந்திருந்தன. மார்ச் 6 இல் அவசரகாலச் சட்டம் வந்தது. மறுநாள் அரசாங்கம் பேஸ்புக்கைத் தடுத்தது. தமது தளம் அந்த வன்செயலில் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். அதாவது இரண்டு வருடம் கழித்து.

ஒரு தட்டுக் கறி, ஒரு வீடியோ, ஒரு பொய். பொய்க்குச் சில மணித்தியாலம் போதுமாக இருந்தது. உண்மை கிழமைக் கணக்கில் காத்திருந்து வந்தது. அந்தக் காசாளருக்குச் சிங்களம் சரளமாகத் தெரிந்திருந்தால், பக்கத்துக் கடைச் சிங்களச் சகோதரர் ஒருவர் அந்த நேரம் அங்கே நின்றிருந்தால், காரியம் வேறு விதமாகப் போயிருக்குமோ என்று நான் பல நாள் யோசித்ததுண்டு.

இரண்டு நாள் தடுமாற்றம்

இந்த அனுபவமெல்லாம் மனதில் இருந்ததால்தான் அந்த ஒற்றை நட்சத்திரத்தைப் பார்த்தவுடன் எனக்குக் கோபத்தோடு பயமும் வந்தது. 'முஸ்லிம் கடைக்காரன் அளவில் ஏமாற்றுகிறான்' என்று யாராவது ஒரு வரி சேர்த்துப் பரப்பினால் என்ன ஆகும்?

தங்கையின் மகன் ஒரு யோசனை சொன்னான். "மாமா, என்ட கூட்டாளிமார் இருபது பேர் இருக்காங்க. ஆளுக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டு நல்லா எழுதச் சொல்றன். அது அடியில போயிடும்." பக்கத்துக் கடை ஹாஜியாரோ, "லோயர் மூலம் ஒரு கடிதம் அனுப்புங்க, தானா அழிப்பாங்க" என்றார்.

உண்மையைச் சொன்னால் இரண்டுக்கும் எனக்கு மனம் சாய்ந்தது. ஆனால் அதற்கு முன் ஒரு காரியம் செய்ய வேண்டியிருந்தது. காலையில் கடை திறக்குமுன் திரைச்சீலைப் பகுதிக்குப் போய் அங்கிருந்த மீற்றர் கோலை எடுத்து, புதிய உருக்கு அளவுநாடாவோடு வைத்துப் பார்த்தேன்.

ஒரு சென்ரிமீற்றர் குறைவு!

இரண்டு முனையிலும் பித்தளைப் பூண் போட்ட மரக்கோல் அது. ஒரு பூண் எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது. மர முனை மேசையில் இடிபட்டுத் தேய்ந்திருக்கிறது. மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் என்றால் ஐந்து மீற்றருக்கு ஐந்து சென்ரிமீற்றர். அதாவது இரண்டு அங்குலம். அந்தப் பெண் எழுதியது அப்படியே உண்மை.

1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டப்படி வியாபாரத்தில் பாவிக்கும் நிறுவை அளவைக் கருவிகளை உரிய திணைக்களத்தில் காட்டி முத்திரை பெற வேண்டும். மற்றக் கோல்களைக் காட்டியிருந்தோம். இது எப்படியோ தவறிப் போயிருந்தது. பெடியன்மார் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அளவையில் குறைப்பவர்களைப் பற்றி ஒரு சூராவே இறங்கியிருக்கும் போது, பூண் கழன்றதைக் கவனிக்கவில்லை என்று மறுமையில் சொல்லித் தப்ப முடியுமா? அந்தக் கோலால் எத்தனை பேருக்கு எத்தனை அங்குலம் குறைந்தது என்பது எனக்கு இன்று வரை தெரியாது.

பில் புத்தகத்தைப் புரட்டினேன். அந்தக் கிழமையில் ஐந்து மீற்றர் திரைச்சீலை வாங்கியவர் ஒருவர்தான் இருந்தார். கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியை. வருடா வருடம் நத்தாருக்கு எங்களிடம்தான் துணி எடுப்பார். தொலைபேசியில் அழைத்தேன்.

"டீச்சர், நீங்க எழுதினது சரி. எங்கட கோல்தான் பிழை. மன்னிச்சுக் கொள்ளுங்க" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "நானா, கடையில வந்து சொல்லத்தான் இருந்தன். போன முறை ஒரு பிளவுஸ் துணியைப் பத்திச் சொல்ல வந்தப்ப உங்கட பெடியன் சிரிச்சிட்டுப் போனவன். அதுதான் மகனிட்டச் சொல்லி எழுதினன்" என்றார்.

இது என்னை அளவுக் குறைவை விட அதிகமாகச் சுட்டது. கடைக்குள் சொல்ல வந்தவரின் பேச்சை நாம் கேட்கவில்லை. அதனால் அவர் வெளியே போய் ஊருக்குச் சொன்னார். இணையத்தில் எழுதப்படும் முறைப்பாடுகளில் பல, கடை மேசையில் கேட்கப்படாமல் போன முறைப்பாடுகள்தான்.

அன்று மாலை அந்த ஒற்றை நட்சத்திரத்தின் கீழே கடையின் பெயரில் பதில் எழுதினோம். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். எங்கள் கோல் ஒன்று தேய்ந்திருந்தது உண்மை, அதை நீக்கிவிட்டோம், திரைச்சீலைப் பகுதியில் வாங்கியவர்கள் பில்லோடு வந்தால் குறைந்ததைத் தருவோம் என்று எழுதினோம். அதையே பெரிய எழுத்தில் கடைக்குள்ளும் ஒட்டினோம். பக்கத்துக் கடை ஹாஜியார் தலையில் கை வைத்துக் கொண்டார். "திருடன் என்று நீங்களே எழுதிக் கொடுத்திட்டீங்களே!" என்றார்.

பில்லோடு பதினொரு பேர் வந்தார்கள். சிலர் எங்கள் பதிலைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் கேலியாகப் போட்டதும் உண்மை. அந்த மாதம் திரைச்சீலை வியாபாரம் படுத்ததும் உண்மை. ஆனால் பரப்ப நினைத்தவர்களுக்கு மேலே சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. குற்றம் எது, திருத்தம் எது என்று எல்லாம் அங்கேயே எழுதிக் கிடந்தது. டீச்சர் தன் குறிப்பை அழிக்கவில்லை. அதன் அடியில் 'கடைக்காரர் திருத்திக் கொண்டார்' என்று ஒரு வரி சேர்த்தார். நட்சத்திரத்தைக் கூட்டும்படி நான் கேட்கவும் இல்லை.

மூன்று வகை எழுத்து

இந்த அனுபவத்திலிருந்து நான் விளங்கிக் கொண்டது இதுதான். நம்மைப் பற்றி எழுதப்படுவதில் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் ஒரே மருந்து கொடுக்கக் கூடாது.

முதலாவது, உண்மையான குறை. அதற்கு மருந்து திருத்தமும் பகிரங்கமான பதிலும். சட்டத்தரணியின் கடிதம் அல்ல. 2003 இல் அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசன்ட் தன் வீடு தெரியும் ஒரு புகைப்படத்தை இணையத்திலிருந்து நீக்கச் சொல்லி வழக்குப் போட்டார். வழக்குக்கு முன் அந்தப் படத்தை ஆறு முறைதான் இறக்கியிருந்தார்கள். வழக்குச் செய்தி வந்த பின் ஒரு மாதத்தில் நாலு இலட்சத்துக்கு மேற்பட்டோர் போய்ப் பார்த்தார்கள். மூட நினைத்ததை ஊரே பார்த்தது.

இரண்டாவது, தெரியாமல் அல்லது பொறாமையால் எழுதப்படும் பொய். இதற்குக் கோபப்படாமல் பில், திகதி, படம் ஆகியவற்றோடு ஒரே முறை பதில் எழுதுங்கள். கடைக்கே வராதவர் எழுதியிருந்தால் கூகிளுக்கு முறையிடலாம். அவர்களது விதிகளை மீறியவற்றை அவர்கள் நீக்குவதுண்டு. உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக நீக்க மாட்டார்கள்.

மூன்றாவது, திட்டமிட்ட பகை. அம்பாறையில் நடந்தது இந்த வகை. இதைத் தனியாக எதிர்கொள்ளக் கூடாது. முதலில் படம் பிடித்து ஆதாரத்தை வைத்துக் கொள்ளுங்கள். பள்ளிவாசல் நிருவாகம், வர்த்தகர் சங்கம், அயலிலுள்ள சிங்கள, தமிழ்ச் சகோதரர்கள் எல்லோருக்கும் அறிவித்து, பொலிஸில் முறையிடுங்கள். மதப் பகையைத் தூண்டுவதற்கு எதிராக 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002 இலேயே நீக்கப்பட்டுவிட்டது. சிவில் வழக்குத்தான் போடலாம், அது வருடக்கணக்கில் இழுபடும். 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. ஆனால் நியாயமான விமர்சனத்தின் வாயையும் அடைத்துவிடும் என்று அதைப் பற்றிப் பலத்த கண்டனம் எழுந்தது. வாடிக்கையாளரின் முறைப்பாட்டுக்கு எதிராக அத்தகைய ஆயுதத்தை எடுப்பது வியாபாரிக்கு அழகல்ல.

செய்ய வேண்டியவை சில

உங்கள் கடையின் பெயரைக் கிழமைக்கு ஒரு முறையாவது தேடிப் பாருங்கள். தமிழில் மட்டுமல்ல, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தேடுங்கள். கூகிளில் உங்கள் கடையை உங்கள் பெயரில் உறுதிப்படுத்திக் கொள்ளுங்கள். அதற்குக் காசில்லை, உறுதிப்படுத்தினால்தான் கடையின் பெயரில் பதில் எழுதலாம். மூன்று மொழியிலும் பதில் சொல்லக் கூடிய ஒருவரைக் கடையில் வைத்துக் கொள்ளுங்கள். முறைப்பாடு சொல்ல வருபவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம் என்று ஊழியர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. காசு கொடுத்தோ கூட்டாளிமாரைச் சேர்த்தோ பொய் நட்சத்திரம் போடாதீர்கள். 2024 ஒக்டோபர் முதல் அமெரிக்காவில் போலி விமர்சனம் வாங்குவதும் விற்பதும் தண்டத்துக்குரிய காரியம். சட்டம் இல்லாத இடத்திலும் அது ஆகாது. அன்று தங்கை மகனிடம் நான் சொன்னது இதுதான்: "மகன், துணியில இரண்டங்குலம் குறைச்சதுக்கு இப்பதான் மன்னிப்புக் கேட்டன். இனிப் புகழில இரண்டங்குலம் கூட்டி விக்கச் சொல்றியா? ரெண்டும் ஒரே அளவை மோசடிதான்."

தேய்ந்த அந்தக் கோலை நான் வீசவில்லை. காசு மேசைக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் பெடியன்மாருக்கு முதல் நாள் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

உங்கள் கடையிலுள்ள கோலையும் தராசையும் நாளைக் காலையில் ஒரு முறை சரி பாருங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் சந்திப்போம்.